கேஜ் எண்ணெய்

ஸ்கெலட்டன் என்கிற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் தாமோதரனைத் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தவர்களில் அவரிடம் திட்டு வாங்காதவர்களும் இல்லை. பிரேக் கட்டை தேய்ந்த சைக்கிளில் யாராவது அவர் வீட்டைக் கடந்துவிட்டால் போதும், ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்திவிடுவார். "இன்னாடா, சாவறதுக்கு நாள் பாத்துகினு கீறியா?" என்று ஆரம்பித்து அவன் அப்பன் பேரையும் இழுத்துவிட்டுத்தான் ஓய்வார். மனுஷருக்கு உலகத்தில் இரண்டே சாதி. நிறுத்தத் தெரிந்தவன், நிறுத்தத் தெரியாதவன்.

அப்படிப் பேச அவருக்கு உரிமையும் இருந்தது. தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவராக இருந்தவர் அவர். ஆட்களை ஏற்றிய கேஜ் என்கிற இரும்புக் கூண்டை, கம்பி வடத்தில் கட்டி, பூமிக்குள்ளே இறக்கி ஏற்றும் பெரிய எஞ்சினை ஓட்டும் வேலை. கேஜுக்குள் நிற்பவர்களை அவர் பார்க்க முடியாது. அவர்களும் இவரைப் பார்க்க முடியாது. நடுவில் ஒரு மணி மட்டும் பேசும். ஒரு மணி அடித்தால் நிறுத்து என்று அர்த்தம். அடித்த அந்தக் கணமே நிறுத்தியாக வேண்டும். பூமிக்குள் எந்த லெவலில் எத்தனை பேர் கேஜில் ஏறக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று யார் கண்டது? அதனால் வேலை நேரம் முழுக்க அவருடைய கை பிரேக் லீவரை விட்டு நகராது. மூக்கு அரித்தால்கூட இடது கையால்தான் சொறிந்துகொள்வார்.

அதே எஞ்சினுக்கு இன்னொரு ஷிஃப்டில் உட்கார்ந்தவர் ராஜப்பா. ஒருவர் எழுந்த சூடு ஆறுவதற்குள் மற்றவர் அந்த நாற்காலியில் உட்காருவார். ஆண்டுக்கணக்கில் இப்படியே போனதில் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசிய நேரம் குறைவு. ஆனால் நாற்காலியில் மெத்தை அமுங்கியிருக்கும் விதத்தை வைத்தே ராஜப்பாவுக்கு இன்று உடம்பு சரியில்லை என்று தாமோதரன் சொல்லிவிடுவார். இரண்டு பேர் கையிலும் கேஜ் ஒரு தடவைகூட வழுக்கியதில்லை. ஊரில் அதை ஒரு பெருமையாகவே சொல்வார்கள்.

கேஜ் இறங்கி ஏறிய அந்த ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியை மூடியபோது இரண்டு பேரும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார்கள். ஆளுக்கொரு பழைய அம்பாசிடர் பிடித்தார்கள். கோலார் ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு, பங்காருபேட்டை ஸ்டேஷனுக்கு என்று வாடகைக்கு ஓட்டினார்கள். கீழே போனவர்களைப் பத்திரமாக மேலே கொண்டுவந்தவர்கள் என்று ஜனங்கள் நம்பி ஏறினார்கள்.

சுரங்கம் ஓடிய காலத்தில், எஞ்சின் இருந்த வைண்டிங் ஹவுஸில் ஆயுத பூஜை என்றால் சாதாரணமில்லை. எஞ்சினுக்குப் பட்டை போட்டு, பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, கடைசியில் பிரேக் சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுக் கும்பிடுவார்கள். அத்தனை உயிரையும் பிடித்து நிறுத்துகிற எண்ணெய் அல்லவா, சாமிக்குச் சமானம். மூடப்போகிற வருஷம் ராஜப்பா அந்தச் சிலிண்டரில் இருந்த எண்ணெயை ஒரு தகர டின்னில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அதைத் திருட்டு என்று சொன்னால் ஸ்கெலட்டனில் உதை விழும். பிரசாதம் அது. ராஜப்பாவின் மனைவி ஜெயம்மா அதைச் சாமி அலமாரியில் வைத்து, கேஜ் எண்ணெய் என்று பெயரும் வைத்தாள்.

கொஞ்ச வருஷம் அது அலமாரியில் சும்மாதான் இருந்தது. போன ஆயுத பூஜையன்று, அதில் ஒரு மூடி எடுத்து இரண்டு கார்களின் பிரேக் ஆயில் டப்பாவிலும் விட்டார்கள். நல்ல யோசனை என்று தாமோதரனுக்கும் பட்டது. கேஜை நிறுத்திய எண்ணெய் காரை நிறுத்தாதா?

பொங்கல் முடிந்த வாரம் ராஜப்பா செத்துப்போனார்.

மத்தியான வெயிலில், கோலாரில் சவாரியை இறக்கிவிட்டு ஆண்டர்சன்பேட்டை வழியாகத் தனியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார். அவர்கள் வேலை பார்த்த ஷாஃப்டை ஒட்டி ஒரு இறக்கம் உண்டு. ஒரு பக்கம் சயனைடு மலை, அதாவது தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிய சாம்பல் நிற மண் மேடு. மறு பக்கம் ஷாஃப்டின் கருங்கல் மதில். கீழே ஒரு திருப்பம். ராஜப்பாவின் கார் திரும்பவில்லை, நிற்கவும் இல்லை. நேரே மதிலில் போய் முட்டியது. தார் ரோட்டில் டயர் இழுத்த அடையாளம் ஒரு விரற்கடைகூட இல்லை.

விசாரிக்க வந்தவர்கள் சாயங்காலம் பிரேக்கை மிதித்துப் பார்த்தார்கள். கல் மாதிரி கெட்டியாக நின்றது. பிரேக்கில் குறை ஒன்றுமில்லை, டிரைவர் பிரேக் போடவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஊர் வாயை யார் மூட முடியும்? குடித்திருந்தார் என்றார்கள். ஷாஃப்டை மூடிய துக்கத்தில் அவரே போய் முட்டிக்கொண்டார் என்றார்கள். "கேஜை நிறுத்தினவனுக்குக் காரை நிறுத்தத் தெரியலியே" என்று தண்ணீர்க் குழாயடியில் ஜெயம்மாவின் காதுபடவே ஒருத்தி சொன்னாள். அன்றிலிருந்து ஜெயம்மா அந்தக் குழாய்க்குப் போவதை விட்டுவிட்டாள்.

தாமோதரன் எதையும் நம்பவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ராஜப்பாவின் கால் தப்பாது. தப்பியிருந்தால் உலகத்தில் எதையுமே நம்ப முடியாது. செத்தவர் ஞாபகமாக அந்த மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் ஜெயம்மாவிடம் ஒரு மூடி கேஜ் எண்ணெய் வாங்கி வந்து தன் வண்டியில் விட ஆரம்பித்தார்.

பங்குனி வெயில் ஏறிய சமயத்தில் அவருக்கும் அது நடந்தது.

கோலாரிலிருந்து திரும்பும் வழி. காலி வண்டி. இறக்கத்தின் தலைப்பில் பிரேக்கை மிதித்தார். பெடல் கீழே போனது. போய்க்கொண்டே இருந்தது. கேஜ் நடுவழியில் எங்கேயாவது மாட்டிக்கொண்டால் வடம் தொய்ந்துபோகும். அப்போது லீவரில் கைக்கு ஒரு வெறுமை தெரியும். அதை ஒரே ஒரு தடவை அனுபவித்திருக்கிறார். அதே வெறுமை இப்போது காலுக்குத் தெரிந்தது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியைச் சயனைடு மண்ணில் ஏற்றி நிறுத்தினார். மதிலுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவு இடம்தான் மிச்சம்.

எஞ்சின் அணைந்த நிசப்தத்தில் ஒரு மணி சத்தம் கேட்டது. ஒரே ஒரு மணி. வைண்டிங் ஹவுஸ் பக்கமிருந்து வந்தது.

அந்த மணியைக் கழற்றிப் பழைய இரும்போடு எடை போட்டு எடுத்துப்போனபோது தாமோதரன் பக்கத்தில் நின்று பார்த்தவர். அங்கே இப்போது கூரைகூட இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம், ஷாஃப்டின் தலைக்கு மேல் வடம் ஓடிய பெரிய சக்கரம் மட்டும் வானத்தில் நின்றது. காற்றும் இல்லை. கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, பயந்து பயந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தார். கெட்டியாக நின்றது.

வீட்டுக்கு வந்து மனைவி மங்கம்மாவிடம் சொன்னார். மணியைச் சொல்லவில்லை, பிரேக்கை மட்டும் சொன்னார். அவள் சோற்றுக் கையோடு நின்றுவிட்டாள்.

"ராஜப்பாண்ணன் போன எடமா?"

"அதே எடம்தான்."

"கூப்பிடறாருங்க உங்கள. ஷிஃப்டு மாத்திக்கறதுக்குக் கூப்பிடறாரு."

"வாயக் கழுவு. செத்தவன் இன்னா டூட்டி போட்டுகினா கீறான்?" என்று அதட்டினார். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மங்கம்மா விட்டாளா? எலுமிச்சம்பழம் நறுக்கி நாலு சக்கரத்திலும் வைத்தாள். கற்பூரம் சுற்றினாள். இறக்கத்துக்கே போய்ப் பூசணிக்காய் உடைத்துவிட்டு வந்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, "வெள்ளிக்கிழமை மட்டும் ஊத்தினா பத்தாது. சவாரிக்குப் போற அன்னைக்கெல்லாம் அந்த எண்ணெய ஊத்துங்க. அதான் காபந்து" என்றாள். அவரும் ஊற்றினார். பயம் வந்துவிட்டால் மனுஷன் எதைத்தான் ஊற்ற மாட்டான்?

மறுபடியும் நடந்தது. அதே இறக்கம், அதே மத்தியானம். பின்னொரு நாள் மங்கம்மாவையே ஏற்றிக்கொண்டு வரும்போது நடந்தது. அவள் ஒரு சத்தமும் போடவில்லை. வண்டி மண்ணில் ஏறி நின்ற பிறகு பார்த்தால், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பூமிக்குள்ளே எங்கேயோ 'தொம்' என்று ஒரு ஓசை எழுந்து கார் லேசாக ஆடியது. ஏர் பிளாஸ்ட் என்று ஊரில் சொல்வது அதைத்தான்; விட்டுப்போன சுரங்கத்தில் பாறை வெடிக்கிற சத்தம். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்தான். அன்றைக்கு அதற்கும் இரண்டு பேரும் நடுங்கினார்கள்.

மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். கசிவு இல்லை, ட்யூப் நல்லது, லைனிங் நல்லது. மூன்று பேருமே காலை நேரத்தில் ஓட்டிப் பார்த்தார்கள், மூன்று பேருக்கும் பிரேக் பிடித்தது. கடைசியாக ஆண்டர்சன்பேட்டையில் ஷெட் வைத்திருந்த சிரிலிடம் போனார். சிரில் பைபிளுக்கு அடுத்தபடி ஸ்பேனரை நம்புகிற ஆள். மூஞ்சிக்கு நேரே பேசுவான்.

"அண்ணா, வண்டில ஒண்ணியும் இல்ல. கோச்சிக்காதீங்க. உங்க கால டாக்டர்கிட்ட காட்டுங்க."

தாமோதரனுக்கு வந்த கோபத்தில் சிரிலின் அம்மா, அக்கா எல்லோரும் ஷெட்டுக்குள் வந்து போனார்கள். ஆனால் வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, ஆட்டுக்கல்லில் வலது காலை வைத்து அழுத்திப் பார்த்தார். அழுத்தியது தெரிகிறதா, இல்லையா? தெரிகிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. சர்க்கரை இல்லை, நரம்பில் கோளாறில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும் மனசு ஆறவில்லை. கால் பொய் சொல்கிறதென்றால் வண்டியை விற்றுவிட வேண்டும். அது போகட்டும். தன் கால் தப்பும் என்றால் ராஜப்பாவின் காலும் தப்பியிருக்கும். குழாயடியில் பேசியவள் பேசியது சரி என்றாகிவிடும். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கிழவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் சிரிலின் ஷெட்டில் போய் நின்றார்.

"நீ காலைல ஓட்டிப் பாத்தா அது எப்புடிக் காட்டும்? என்கூட கோலாருக்கு வா. மத்தியானம் திரும்பலாம். பக்கத்துல குந்திகினு என் காலப் பாரு. கால் தப்பிச்சின்னா நீயே சொல்லு, சாவிய உங்கிட்டயே குடுத்துடறேன்."

சிரிலுக்கு மனசு இளகிவிட்டது. போனார்கள். கோலாரில் ஒரு டீ குடித்துவிட்டு, உச்சி வெயிலில் திரும்பினார்கள். சிரில் ரோட்டைப் பார்க்கவே இல்லை, குனிந்து தாமோதரனின் காலையே பார்த்துக்கொண்டு வந்தான். கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்.

"அண்ணா, ரோடு காலியா கீது. பிரேக் மேல இன்னாத்துக்குக் கால் வெச்சிகினே வரீங்க?"

"எங்க வெச்சிகினு வரேன்?"

"தோ, வெச்சிகினு கீறீங்களே."

தாமோதரன் குனிந்து பார்த்தார். கால் பெடலின் மேல் பூ வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. அவருக்கே தெரியாது. வைண்டிங் ஹவுஸில் கைக்கு இருந்த பழக்கம் காலுக்கு இறங்கியிருந்தது. எடுத்தார். அடுத்த வளைவுக்குள் கால் தானாகப் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

ஆண்டர்சன்பேட்டை பஜாரில் அன்று நெரிசல். மிதித்து மிதித்து ஊர்ந்து வெளியே வந்து, ஷாஃப்ட் இறக்கத்தின் தலைப்பை அடைந்தார்கள். தாமோதரன் மிதித்தார். சிரிலின் கண்ணெதிரே அந்தக் கால் முழுசாக அழுந்தியது, பெடல் தரையைத் தொட்டது, வண்டி பாட்டுக்குப் போனது.

"யேசுவே!" என்று சிரிலே ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தான். வண்டி சயனைடு மண்ணில் இறங்கி, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

இரண்டு பேரும் இறங்கவில்லை. சிரில் கையால் பெடலை அமுக்கிப் பார்த்தான். செத்துக் கிடந்தது. பிறகு, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் தொடாமல், பெடல் மெல்ல மேலே எழுந்து வந்தது. அமுக்கினால் கெட்டி. சிரில் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டான்.

"உனுக்கு மணி கேட்டிச்சா?" என்றார் தாமோதரன்.

"இன்னா மணி?"

"ஒண்ணியும் இல்ல" என்றார்.

சிரில் இறங்கி ஒவ்வொரு சக்கரமாகத் தொட்டான். நாலிலும் கையை உதறிக்கொண்டான். பிரேக் டிரம் எல்லாம் தோசைக்கல்லாகக் கொதித்தது. அவன் முகத்தில் இருந்த பயம் அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்காரன் முகமாக மாறியது. "பேய்க்குச் சூடு கெடையாதுண்ணா. இது வேற" என்றான். ஹேண்ட் பிரேக்கிலேயே வண்டியை உருட்டிக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பினார்கள்.

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் பிரித்தான். பெடலை மிதித்தால் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற குழாய் அது. உள்ளேயிருந்த ரப்பர் வாஷரை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். ஊறப்போட்ட கடலையாக உப்பி, விளிம்பெல்லாம் கொழகொழத்துப் போயிருந்தது. சிரில் விரலில் எண்ணெயைத் தொட்டு மோந்தான். பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, அந்த எண்ணெயைச் சொட்டினான்.

"பிரேக் ஆயிலா இருந்தா தண்ணில கரைஞ்சிடணும். பாருங்க."

கரையவில்லை. கறுத்த சிவப்பில் ஒரு படலம் தண்ணீரின் மேல் மிதந்தது.

"மெஷின் எண்ணெய் இது. கார் ரப்பருக்கு ஆவாது. உப்பிப் போவும். நீங்க கால வெச்சிகினே வரீங்க, சூடு ஏறுது, உப்பின ரப்பர் உள்ளயே சிக்கிக்குது. அப்புறம் மிதிச்சா தள்றதுக்கு எண்ணெய் இல்ல, வெறும் மிதி. பஜார தாண்டி வந்தா மொத இறக்கம் அதான், அதான் அங்கயே நடக்குது. ஆறினா தானா விட்டுடுது. எவன் பாத்தாலும் நல்லா கீதுன்னுதான் சொல்லுவான். உங்க கால் மேல தப்பில்ல. ஆமா, இந்த எண்ணெய எவன் ஊத்தினது?"

தாமோதரன் முதலில் சந்தோஷப்பட்டார். கால் தப்பவில்லை! அந்தச் சந்தோஷம் ஒரு பெருமூச்சு விடும் நேரம்தான் இருந்தது. டம்ளரில் மிதந்த நிறத்தை அவருக்குத் தெரியும்.

"ராஜப்பா வண்டி எங்க கீது?" என்றார்.

நசுங்கிய அந்த அம்பாசிடரைப் பழைய இரும்புக்கு வாங்கி ஷெட்டின் பின்னால்தான் போட்டிருந்தான் சிரில். கோழிகள் அடைந்த முட்டை நாற்றத்துக்கு நடுவே படுத்து, அதையும் கழற்றினான். அதே உப்பல். அதே சிவப்பு. அந்தக் காருக்குள் பிரேக் பெடலின் ரப்பர் உறை இரண்டாகக் கிழிந்து தொங்கியதை அப்போதுதான் பார்த்தார்கள். ராஜப்பா மிதித்திருக்கிறார். கிழியக் கிழிய மிதித்திருக்கிறார். தாமோதரன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை ஜெயம்மா வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனார். காலைச் சொல்லலாம். எண்ணெயைச் சொல்லக் கூடாது. ஊற்றியவர் ராஜப்பாவேதான்; போனவர் தலையில் எதற்கு இன்னொரு பழி?

"ஜெயம்மா, அவன் கால் தப்பலம்மா. மிதிச்சிருக்கான். நல்லா மிதிச்சிருக்கான். பிரேக்தான் புடிக்கல. சிரிலு பாத்துட்டான். உள்ள ரப்பரு கெட்டுப்போயிருந்துச்சி."

ஜெயம்மா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த ராஜப்பாவின் போட்டோவைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வருவதற்கு முன்னால் குரல் வந்துவிட்டது. வாசலுக்கு ஓடி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். "கேட்டுக்கங்கடி! என் புருஷன் குடிக்கல! அவர் கால் தப்பல! வண்டிதான் மோசம் பண்ணிச்சி!" குழாயடியில் குடங்கள் நின்றன. பெண்கள் கிட்டே வந்தார்கள். ஜெயம்மா அழுதாள், சிரித்தாள், தாமோதரனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

உள்ளே வந்ததும் அவள் நேராக அலமாரிக்குப் போய் டின்னை எடுத்தாள்.

"இது இருந்துங்கூட மோசமாப் போச்சேண்ணா. வாரா வாரம் நான்தான் ஊத்துவேன். அவருக்கு மறந்துடும். அன்னைக்குக் காலைலகூட வண்டி இழுவையா வருதுன்னாரு, நான் ரெண்டு மூடியா ஊத்திக் கும்புட்டுத்தான் அனுப்பினேன். இந்தாங்க, நீங்க எடுத்துக்கங்க. கொஞ்சம் நம்ம ரூபேஷுக்குக் குடுத்துட்டேன். அமலா வந்து ஒரு பாட்டில் வாங்கிகினு போனா. அவன் வேன்ல ஒரு மாசமா ஊத்திகினு கீறானாம்."

அமலா அவளுடைய மகள். மாப்பிள்ளை ரூபேஷ், தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் வேன் வைத்திருந்தான். அந்த வேன் தினமும் அதே இறக்கத்தில்தான் இறங்கும்.

தாமோதரன் போட்டு வைத்திருந்த கணக்கெல்லாம் பாழாய்ப்போனது. "அத்த ஊத்த வேணாம்னு சொல்லு. எல்லாத்தையும் எங்கிட்டக் குடுத்துடு" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

"ஏன்?"

"சும்மாதான். பழைய எண்ணெய்."

வைண்டிங் டிரைவரின் பொண்டாட்டி அவள். ஷிஃப்ட் முடிந்து புருஷன் வீட்டுக்கு வரும் நடையை வைத்தே கீழே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டவள். டின்னை மார்போடு பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ரப்பரு ஏன் கெட்டுச்சிண்ணா?"

அவர் அந்த டின்னையே பார்த்தார். டின்னைக் கீழே வைத்தாள். வைத்த கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். தாமோதரனுக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

"ரூபேஷு இந்நேரம் வண்டி எடுப்பான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்புகூடப் போடாமல் நடந்தாள். அவர் பின்னால் ஓடினார்.

வேன் தெருமுனையில் உறுமிக்கொண்டு நின்றது. ஆட்கள் ஏறியாகிவிட்டது, டிபன் பாக்ஸ் ஆட்டிக்கொண்டு சிலர் கதவோரம் தொற்றிக்கொண்டிருந்தார்கள். தாமோதரன் மூச்சிரைக்கச் சொன்னதை ரூபேஷ் கேட்டான். சிரித்தான். காலைத் தூக்கிப் பெடலில் ஓங்கி மிதித்துக் காட்டினான்.

"பாருங்க மாமா, கல்லு மாதிரி கீது. டைம் ஆயிப்போச்சி, டூட்டிக்காரங்க கத்துவாங்க. சாயங்காலம் காட்டிக்கறேன்."

"இப்ப அப்புடித்தாண்டா இருக்கும்! சூடு ஏறினா..."

"ஏ பெரியவரே, வழி விடுய்யா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. ரூபேஷ் கியர் போட்டான்.

ஜெயம்மா வண்டிக்கு முன்னால் போய், சக்கரத்தை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தே! இன்னா பண்றீங்க, எழுந்திருங்க!"

வேனுக்குள்ளிருந்து ஆட்கள் இறங்கினார்கள். குழாயடியில் கொஞ்சம் முன்பு அவளோடு சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்ட பெண்கள் பின்னாலேயே வந்து நின்றார்கள். புருஷன் கால் தப்பவில்லை, வண்டிதான் மோசம் என்று அவள் வாயால் கேட்டு, போய் ஊரெல்லாம் சொல்லலாம் என்று இருந்தவர்கள். என்ன ஆயிற்று என்று ஒருத்தி கேட்டாள். தாமோதரன் குனிந்து, "வேணாம்மா, நான் சொல்லிக்கறேன்" என்று கெஞ்சினார். ஜெயம்மா அவர் பக்கமே திரும்பவில்லை. மருமகனை நிமிர்ந்து பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அன்னைக்கும் இப்புடித்தாண்டா கல்லு மாதிரி இருந்துச்சி. நான்தான் அந்த எண்ணெய ஊத்தினேன். இந்தக் கையாலதான் ஊத்தினேன். உன் மாமனார நான்தான் அனுப்பிச்சேன். இன்னும் வண்டி எடுக்கணுமா உனுக்கு?"

ரூபேஷின் முகம் வெளுத்தது. அவன் கையை நீட்டி எஞ்சினை அணைத்தான்.